சுவரில் நடந்த பூசணி விதை

தம்பி,

நீ பெர்த்துக்குத் திரும்பிப் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறாய். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டுவிட்டு, கடைசியில் குரலைக் கொஞ்சம் இறக்கி, "யோசிச்சீங்களா மா? என்ன முடிவு?" என்கிறாய். நானும் "பாக்கலாம் தம்பி, இந்த மழை விடட்டும்" என்று ஏதாவது சொல்லித் தள்ளிப்போடுகிறேன். மழை விட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. போனில் எனக்குப் பேச வருவதில்லை. உன் முகம் திரையில் திடீரென்று அசையாமல் நின்றுவிடும். நான் பாதியில் நிறுத்துவேன். லைன் சரியாகி நீ "சொல்லுங்க மா" என்னும்போது சொல்ல வந்தது எங்கோ போயிருக்கும். அதைப் பார்த்தும் நீ மனதுக்குள் ஒரு முடிவு கட்டுவாய், அம்மாவுக்கு மறக்கிறது என்று. அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி. படித்து முடித்த கையோடு போன் செய்யாதே.

இது எப்படி ஆரம்பித்தது என்பதில் உனக்குத் தெரிந்தது ஒரு வரிதான். அம்மா சுவரில் பூசணி விதை நடக்கிறது என்கிறார். நான் அப்படிச் சொன்னது உண்மை. அன்று மதியம் ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். உன் அப்பா போன பிறகு எனக்குக் கட்டிலில் தூக்கம் பிடிப்பதில்லை. இது உனக்குத் தெரியாது, நான் சொன்னதில்லை. சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சாம்பல் நிறத்தில் தட்டையாக ஒன்று ஒட்டியிருந்தது. நடுவில் அகலம், இரண்டு முனையும் ஒடுக்கம், அச்சு அசல் பூசணி விதை. ஏதோ சிமெண்டுத் துணுக்கு என்று நினைத்துக் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் அது சுவிட்ச் பக்கத்தில் இருந்தது. எழுந்து கிட்டே போய் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து ஒரு முனையிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. பின்னாலேயே பொடிப் பொடிக் கால்கள். அது தன் கூட்டை ஓர் இழு இழுத்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு. வீட்டில் டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. ஞாயிறு வரைக்கும் மனதில் வைத்திருந்து உன்னிடம் சொன்னேன்.

"சுவத்துல பூசணி விதை நடக்குதுடா தம்பி."

நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. உனக்குப் பின்னால் நின்ற உன் மனைவி உன்னைப் பார்த்தாள், நீ அவளைப் பார்த்தாய். "எத்தன நாளா மா உங்களுக்கு இப்படித் தெரியுது?" என்று கேட்டாய். தெரியுது என்று கேட்டாய், தம்பி. என்ன நடக்குது, காட்டுங்க என்று கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஜுருவிலிருந்து உன் அத்தை மகள் செல்வி வந்தாள். கையில் ஒரு பை நிறையப் பழம். வேலை வேலை என்று பினாங்குப் பாலம் தாண்டி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள், "சும்மா உங்கள பாக்கணும்போல இருந்துச்சு அத்தை" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் நாளே போன் செய்திருந்ததால், விருந்தாளி வருகிறாளே என்று காலையிலேயே வீட்டைக் கூட்டி, கை எட்டுகிற வரை சுவரையெல்லாம் துடைத்து வைத்திருந்தேன். அவள் வந்ததும் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். பிறகு சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். "எங்க அத்தை அந்தப் பூசணி விதை?" என்று அவள் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது, யார் அனுப்பி வந்திருக்கிறாள் என்று. சுவரில் ஒன்றுமில்லை. நான்தான் துடைத்துவிட்டேனே. "இன்னைக்குக் காலையில தொடச்சிட்டேன் லா" என்றேன். சொல்லும்போதே அது பொய் மாதிரிதான் என் காதுக்கே கேட்டது.

அதன் பிறகு நீயே வந்தாய். லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, அவ்வளவு தூரம் வந்தாய். அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நீ வந்த மறுநாளே சமையலறைச் சுவரில் ஒன்று இருந்தது. ஓடி வந்து உன்னைக் கூப்பிட்டேன். ஆள் நடமாட்டம் பட்டால் அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டு செத்த மாதிரி கிடக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. நீ குனிந்து பார்த்தாய், நகத்தால் சுரண்டினாய், "இது தூசு மா" என்றாய். அது கீழே விழுந்தது. நீ என் தோளில் கை போட்டு ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். ஒரு சின்னப் பிள்ளையைக் கூட்டிப் போவதுபோல அவ்வளவு மெதுவாக.

அந்த வாரமே என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாய். டாக்டரம்மா நல்ல மாதிரி. மலாய்க்காரப் பெண், உன் வயதுதான் இருக்கும். மூன்று பொருளின் பெயரைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார், சொன்னேன். கடிகாரம் வரையச் சொன்னார். முள் வைத்து வரைந்தேன். பிறகு, "ஹாரி இனி ஹாரி அபா, ஆன்ட்டி?" என்றார். இன்றைக்கு என்ன கிழமை. நான் செவ்வாய் என்றேன். வியாழக்கிழமையாம். நீ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். நான் உன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் உன் கால் ஆட்டுவது நின்றது எனக்குத் தெரிந்தது. டாக்டரம்மா இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை, சில மாதம் கழித்து மறுபடி வாருங்கள் என்றுதான் சொன்னார். உனக்கு அது போதவில்லை. காரில் வரும்போது, "பாத்தீங்களா மா, கிழமைகூடத் தெரியல" என்றாய். அன்று சாயந்திரமே அந்த மூத்தோர் இல்லத்தின் படங்களை எனக்குக் காட்டினாய். செல்வி வீட்டுக்குப் பக்கம், தோட்டம் இருக்கிறது, எந்நேரமும் நர்ஸ் இருப்பார்கள், இந்த வீட்டை விற்றுவிடலாம். நான் அந்தத் தோட்டத்தின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் போட்டிருந்தன.

உனக்கு ஒன்று நினைவிருக்கிறதா? இந்த பிளாட்டுக்கு வருவதற்கு முன்னால், நாம் பலகை வீட்டில் இருந்தபோது, கூரைக்குள் யாரோ நடக்கிறார்கள் என்று நீ அழுவாய். எலியாக இருக்கும் என்று நான் சொல்வேன். எலி இல்லை, பெரிய ஆள் என்பாய். உன் அப்பாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஏணி வாங்கி வந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினார். இறங்கும்போது தலையெல்லாம் ஒட்டடை. "பெரிய ஆள்தான். முசாங். குட்டியோட இருக்கு. பையன் சொன்னது சரி" என்றார். அந்த மரநாயைப் பார்க்க உன்னையும் தோளில் ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை ஏறினார். அன்றிலிருந்து நீ பயப்படவில்லை. உன் மகளுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. நாளைக்கு அவளும் வந்து ஏதாவது சொல்லுவாள், கட்டிலுக்கு அடியில் ஒன்று இருக்கிறது, ஜன்னலில் ஒன்று தெரிகிறது என்று. அவள் சொல்வது என்னவாக இருந்தாலும் முதலில் குனிந்து பார். பார்த்த பிறகு இல்லை என்று சொல்லலாம். நான் உனக்குப் புத்தி சொல்கிற வயதை நீ தாண்டிவிட்டாய், ஆனாலும் இந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நீ விமானம் ஏறிய மறுநாள் நான் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அதைத் தேட ஆரம்பித்தேன். லிட்டில் இந்தியாவில் புடவைக் கடையில் அத்தனை வருஷம் நின்றவளுக்கு முதலில் என்ன தோன்றும்? பட்டுப்புடவையை அரிக்கிற அந்துப்பூச்சி என்றுதான் தோன்றியது. அலமாரியைத் திறந்து என் கூறைப்புடவையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு நூல் அறுபடவில்லை. அது இல்லை என்று தெரிந்தது. வேறு என்ன என்று தெரியவில்லை. காலி ஜாம் பாட்டிலில் ஒரு விதையைத் தட்டிப் போட்டு, கீழ் மாடியில் இருக்கும் லிம் டீச்சரிடம் கொண்டு போனேன். உனக்கு அவரைத் தெரியும், உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுத்தவர், லிஃப்டில் பார்த்தால் தலையசைப்பார். நாங்கள் இத்தனை வருஷத்தில் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போனதில்லை. கதவைத் திறந்தவரிடம் மலாயில், "டீச்சர், இது தூசா, உயிரா, பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. மேஜை விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். இரண்டு கிழவிகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு காத்திருந்தோம். தலை வெளியே வந்தது.

"அலாமா! ஹிடுப் லா!" என்று கத்தினார் லிம் டீச்சர். உயிரோடு இருக்கிறது என்று.

நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், தம்பி. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இதன் பெயரைக் கண்டுபிடிக்காமல் விடக் கூடாது" என்றார்.

சுலபமாக இல்லை. டீச்சர் போனில் தேடிப் பார்த்ததில் கூடு சுமக்கும் புழு இரண்டு வகை கிடைத்தது. ஒன்று துணியைத் தின்பது, அதன் கூடு உருளையாக இருக்கும். இன்னொன்று வீட்டுச் சுவரில் இருப்பது, அதன் கூடு தட்டை. நம்முடையது தட்டை. ஆனால் புழுவை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, பூச்சியாகி வரட்டும் என்றார் டீச்சர். அதனால் வளர்த்தேன். அது என்ன தின்னும் தெரியுமா? பழைய ஒட்டடை, செத்த பூச்சி, உதிர்ந்த தலைமுடி. நமக்கு வேண்டாததெல்லாம் அதற்குச் சோறு. சீப்பில் வந்த என் நரைமுடியையும் மூலையில் இருந்த ஒட்டடையையும் போட்டேன். காற்றில் ஈரம் வேண்டுமாம். பினாங்கில் அதற்கு என்ன பஞ்சம்.

பார்க்கப் பார்க்க அதில் எவ்வளவோ இருந்தது. முட்டையிலிருந்து வந்தவுடனே அது வாயிலிருந்து வரும் பட்டு நூலில் மண்ணையும் தூசையும் ஒட்டித் தனக்கு உறை கட்டிக்கொள்கிறது. வளர வளர உறையையும் பெரிதாக்குகிறது. இரண்டு பக்கமும் வாசல். உள்ளேயே திரும்பிக்கொண்டு எந்தப் பக்கமும் தலை நீட்டும். காலையில் எழுந்ததும் அது பாட்டிலில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். ஒரு நாள் "சாப்பிட்டியா?" என்று அதனிடம் கேட்டேன். கேட்ட பிறகு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் வாரத்துக்கு ஒரு முறை ஒருவர் கேட்கிற கேள்விதானே அது. இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

பிறகு அது பாட்டிலின் மேலே ஏறி, கூட்டை நூலால் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்தேன். கூட்டுப்புழு ஆகியிருக்கிறது, தொடாதே என்றார் டீச்சர். ஒரு நாள் மதியம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது பார்த்தால், கூட்டின் முனையில் காலித் தோல் ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தது. சின்னது, தம்பி. என் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், இறகில் மங்கலாகக் கரும்புள்ளிகள், ஓரத்தில் மெல்லிய மயிர்க் குஞ்சம். அழகு என்று சொல்ல முடியாது. ரோட்டில் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கீழே ஓடினேன். டீச்சர் படங்களோடு ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட்டுப் பார்த்து, "இதுதான். பெண். வீடுகளில் கூடு சுமந்து திரியும் கேஸ்பேரர் இதுதான்" என்றார். இனி அது ஒன்றும் தின்னாதாம். சுவரும் தரையும் சேர்கிற இடுக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகுமாம். "நசுக்கிவிடு, இல்லையென்றால் உன் வீடு நிறைய இதுதான்" என்றும் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. வெளியே நடைபாதையில் கொண்டு போய்ப் பாட்டிலைத் திறந்தேன். அது கொஞ்சம் தத்தித் தத்திப் பறந்து, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டது.

அங்கே போனில் படம் எடுத்து, அந்தப் படத்தைத்தான் டீச்சர் சொன்ன பெயரோடு உனக்கு அனுப்பினேன். நீ உடனே போன் செய்தாய், ஞாயிறு இல்லாத ஒரு நாளில். "சாரி மா, நான் ஒழுங்கா பாத்திருக்கணும்" என்றாய். எனக்கு அது போதும். ஆனால் கூடவே, "பூச்சி சரி மா. ஆனா அந்தக் கிழமை?" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். கோபம் இல்லை. நீ கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்.

கடையில் நின்ற காலத்தில் எனக்குக் கிழமையை யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை என்றால் கோயிலுக்குப் போகிற கூட்டம் கடைக்குள் வரும். சனி என்றால் கல்யாணப் புடவை எடுக்கிறவர்கள். புதன் என்றால் உன் அப்பா இரவுச் சந்தைக்கு, பாசார் மாலாமுக்குக் கூட்டிப் போவார், ஒரு பொட்டலம் கச்சான் கடலையை இரண்டு பேரும் நடந்துகொண்டே தின்போம். திங்கட்கிழமை உனக்குப் பள்ளிச் சட்டை தேய்க்க வேண்டும். ஒவ்வொரு கிழமைக்கும் ஓர் ஆள் இருந்தது, ஒரு வேலை இருந்தது. இப்போது உன் போன் வருவதால் ஞாயிறு தெரிகிறது. மற்ற ஆறும் ஒரே நாள்தான். அடுப்பு முன்னால் நின்றபடியே சாப்பிடுகிறேன். பாசாரில் இரண்டு மீன் எடுத்துவிட்டு ஒன்றைத் திருப்பி வைக்கிறேன். டாக்டரம்மா என் தலைக்குள் என்ன குறை என்று பார்த்தார். தலை இருக்கட்டும் தம்பி, அது ஒரு நாள் போகத்தான் போகும், அப்போது நீ சொல்கிற இடத்துக்கு நான் வருகிறேன். இப்போது குறை வீட்டில்தான். நீ கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கேன் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ எப்படி அறிவாய்?

லிம் டீச்சர்தான் கேட்டார், "இவ்வளவு பூச்சி எங்கிருந்து வருகிறது? ஒட்டடை நிறைய உள்ள இடம் எது?" எனக்கு உடனே தெரிந்தது. உன் அறை. நீ வந்தபோதுகூட ஏர்கான் ரிப்பேர் என்று சொல்லி உன்னை ஹாலில் படுக்க வைத்தேனே, அது ரிப்பேர் இல்லை. திறந்து காட்ட வெட்கமாக இருந்தது. தோள் வலி வந்ததிலிருந்து ஒட்டடைக் கம்பைத் தூக்க முடியவில்லை, கதவைச் சாத்தியே வைத்துவிட்டேன். டீச்சரும் நானும் திறந்தோம். கூரையிலிருந்து உன் மேஜை வரை ஒட்டடை திரை மாதிரி தொங்கியது. சுவர் முழுக்க விதைகள், காலியானதும் உயிருள்ளதும். செல்வியைக் கூப்பிட்டேன். அவள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வந்து நின்று ஒரு நிமிஷம் பார்த்தாள். ஒன்று மெதுவாக நகர்ந்தது. "ஐயோ அத்தை, நெஜமாவே நடக்குது" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நான் உங்கள நம்பல அத்தை" என்றாள். நாள் முழுக்க மூவரும் அடித்துக் கழுவினோம். சாயந்திரம் மூன்று தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அன்றுதான் செல்வி ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். யாழினி என்று பெயர். பாலத்துக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப் ஊர்ப் பிள்ளை. இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வந்து போகிறது, மழையில் இரண்டு முறை விழுந்துவிட்டது, பக்கத்தில் ஓர் அறை தேடுகிறது. வந்து பார்க்கச் சொன்னேன். உன் அறையைத்தான் கொடுக்கப் போகிறேன், தம்பி. உன் புத்தகங்களையும் அப்பா உனக்கு வாங்கிய சைக்கிள் விளக்கையும் பெட்டியில் கட்டி என் அறையில் வைத்திருக்கிறேன். உன் கட்டில் அவளுக்கு. நீ குடும்பத்தோடு வந்தால் என் அறை உங்களுக்கு, நான் வழக்கம்போல ஹாலில். இதுதான் என் முடிவு. வீட்டை விற்க வேண்டாம். உனக்கு வருத்தமாக இருக்குமோ என்று நினைத்து ரொம்ப யோசித்தேன். இருந்தால் கொஞ்ச நாள் வருத்தப்பட்டுக்கொள், பரவாயில்லை.

நேற்று அந்தப் பிள்ளை வந்தது. கையில் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றது, உள்ளே வா என்று நான் சொல்லும் வரை. அறையைப் பார்த்தது, ஜன்னலைத் திறந்து பார்த்தது, பிடித்திருக்கிறது என்றது. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னது:

"ஆன்ட்டி, எனக்கு ஷிஃப்ட் வேல. சில நாள் ரொம்ப லேட்டாகும். ஆனா நீங்க கவலப்படாதீங்க, செருப்பக் கழட்டி கையில எடுத்துக்கிட்டு, சத்தமே இல்லாம வந்துடுவேன். உங்கள எழுப்பவே மாட்டேன்."

"வேணாம்மா" என்றேன். "நல்லா சத்தம் போட்டுக்கிட்டே வா."

அம்மா